பக்கத்து ஆளின் கூலி

தீபாவளிக்கு முந்தைய வாரம். ஜவுளிக்கடையில் இரவு பத்தரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலாளி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கவர் கொடுக்கிறார். சேலைப் பிரிவில் நிற்கும் இளைஞன் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறான். வண்டி நிறுத்துமிடத்து விளக்கடியில் எண்ணிப் பார்க்கிறான். பன்னிரண்டாயிரம். எதிர்பார்த்ததைவிட இரண்டாயிரம் கூட. பிள்ளைக்குத் துணி எடுத்ததுபோக அம்மாவுக்கும் ஒரு சேலை எடுத்துவிடலாம் என்று மனசு கணக்குப் போடுகிறது. அப்போது வேட்டிப் பிரிவுக்காரன் வருகிறான். இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"எவ்வளவு மாப்ள விழுந்துச்சு?"

"பதினஞ்சு. ஒனக்கு?"

அந்த நொடியில் பன்னிரண்டாயிரத்துக்கு என்ன ஆனது? ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பிள்ளைக்குத் துணியும் அம்மாவுக்குச் சேலையும் அதில் இன்னும் அடங்கும். ஆனாலும் அவன் வீட்டுக்குப் போகும்போது முகம் செத்துப்போயிருக்கிறது. இந்தக் காட்சி நான் எழுதிக்கொண்டதுதான். ஆனால் சம்பளம் வாங்கிய எவரும் தம் வாழ்க்கையில் இதன் ஒரு சாயலையாவது பார்த்திருப்பார்கள்.

பொறாமை என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது பொருந்தவில்லை. பொறாமைதான் காரணமென்றால் முதலாளி புதுக் கார் வாங்கியபோது அல்லவா அவன் முதலில் புழுங்கியிருக்க வேண்டும்? அந்தக் காருக்கு மாலை போட்டுச் சூடம் காட்டியபோது அவனும் சந்தோஷமாக நின்று தேங்காய் உடைத்தவன்தான். லட்சங்கள் உறுத்தவில்லை, மூவாயிரம் உறுத்துகிறது. ஏன்?

ஒரே பேச்சு

1982இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஆய்வாளர் வெர்னர் கியூத்தும் அவருடைய இரு சகாக்களும் மிக எளிய ஓர் ஆட்டத்தை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத இருவர். முதல் ஆளிடம் 100 ரூபாய் கொடுத்து, "இதை நீயும் அடுத்தவரும் பங்குபோட வேண்டும். எப்படி என்பதை நீயே சொல்" என்கிறோம். அவர் ஒரு பங்கீட்டைச் சொல்கிறார். இரண்டாம் ஆள் ஒப்புக்கொண்டால் அப்படியே பிரித்துக்கொள்ளலாம். மறுத்துவிட்டால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. பேரம் இல்லை, இரண்டாம் சுற்று இல்லை. சந்தையில் "ஒரே பேச்சு, சொல்லுங்க" என்பார்களே, அதேதான். இதை 'ஒரே பேச்சு ஆட்டம்' என்று வைத்துக்கொள்வோம்.

காசு மட்டுமே கணக்கு என்றால் இரண்டாம் ஆள் ஒரு ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். சும்மா போவதற்கு ஒரு ரூபாய் மேல் அல்லவா? மனிதர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. உலகின் பல ஊர்களில் திரும்பத் திரும்ப நடத்திய இந்த ஆட்டத்தில் பெரும்பாலான முதல் ஆட்கள் 40 முதல் 50 வரை தருகிறார்கள். 20க்கும் கீழே தந்தால் ஏறக்குறைய பாதி பேர் "நீயே வைத்துக்கொள், எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம்" என்று கையை உதறிவிடுகிறார்கள். தன் காசை இழந்து அடுத்தவரைத் தண்டிக்கிறார்கள்.

இதில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது வேறொரு திருப்பம். 1995இல் சாலி ப்ளௌண்ட் என்ற ஆய்வாளர், பங்கீட்டை ஆள் சொல்லாமல் எந்திரம் குலுக்கிப்போட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தார். அதே குறைந்த தொகையை மக்கள் இப்போது அமைதியாக வாங்கிக்கொண்டார்கள். தொகையில் மாற்றமில்லை. அதன் பின்னால் ஒரு மனிதனின் முடிவு இல்லை, அவ்வளவுதான். எந்திரம் கொடுத்த பத்து ரூபாய் வெறும் பத்து ரூபாய். மனிதன் கொடுத்த பத்து ரூபாய், "உன் மதிப்பு இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வருகிறது.

இந்த நியாய உணர்வுக்கும் தொழிலுக்கும் உறவு உண்டு. மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய குழுவினரும் 15 சிறு சமூகங்களில் இதே ஆட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். பெருவின் அமேசான் காட்டில் குடும்பம் குடும்பமாகத் தனித்து விவசாயம் செய்யும் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 விழுக்காடுதான் கொடுத்தார்கள். அதை யாரும் பெரிதாக மறுக்கவும் இல்லை. இந்தோனேசியாவின் லமலெரா கிராமத்தார் பாதிக்கும் மேலாகக் கொடுத்தார்கள். அவர்கள் திமிங்கலம் பிடிப்பவர்கள். ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போகவேண்டிய தொழில் அது. பிடித்ததை யாருக்கு எந்தப் பாகம் என்று வகுத்த முறைப்படி வெட்டிப் பிரிப்பார்கள். சேர்ந்து உழைத்துத்தான் சாப்பிட முடியும் என்ற இடத்தில் பங்கைப் பற்றிய கூர்மையும் வளர்ந்திருக்கிறது.

ஒடிசாவில் ஒரு மாதம்

நூறு ரூபாய் ஆட்டம் ஆட்டம்தான். நாள் முழுக்க முதுகு ஒடிய உழைப்பவரிடம் இது செல்லுமா? இதற்கு நமக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை இந்தியாவிலிருந்தே வந்தது. எமிலி பிரெஸா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷாம்தாசானி ஆகிய மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் ஒடிசாவின் கிராமப்புறத்தில், வயல்வேலை இல்லாத காலத்தில், 378 தொழிலாளர்களை வைத்து ஒரு மாதம் நடத்திய சோதனை அது. 2018இல் வெளியானது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்; அதன் அமைப்பிலேயே பாதி அறிவு இருக்கிறது.

தொழிலாளர்களை மூவர் மூவராகப் பிரித்தார்கள். ஒரு குழு துடைப்பம் கட்டும், இன்னொரு குழு ஊதுவத்தி உருட்டும். இப்படிக் குழுவுக்கு ஒரு பொருள். மூவரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, ஆனால் அவரவர் வேலையை அவரவர் செய்வார்கள். நாள்கூலி, எத்தனை செய்தாலும் கூலி மாறாது. முதலில் சில நாள் பயிற்சி. அதில் யார் கை வேகம், யார் நடுத்தரம், யார் மெதுவு என்று குறித்துக்கொண்டார்கள். பயிற்சிக்குப் பிறகு கூலி இந்த வரிசையைப் பொறுத்து அமையலாம் என்று முன்பே சொல்லியும் இருந்தார்கள்.

பிறகுதான் குலுக்கல். கணக்குப் புரிவதற்காக நான் மூன்று கூலிகளை வைத்துக்கொள்கிறேன்: 260, 250, 240. சீட்டு எடுத்ததில் சில குழுக்களுக்கு வேற்றுமைக் கூலி விழுந்தது: வேகமானவருக்கு 260, நடுவருக்கு 250, மெதுவானவருக்கு 240. சில குழுக்களில் மூவருக்குமே 240. சிலவற்றில் மூவருக்கும் 250. சிலவற்றில் மூவருக்கும் 260.

இப்போது இரண்டு தொழிலாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் தத்தம் குழுவில் மெதுவானவர்கள். இருவருக்கும் நாள் கூலி 240. இருவரும் ஒரே வேலைதான் செய்கிறார்கள். ஒரே வித்தியாசம், முதலாமவரின் இருபுறமும் இருப்பவர்கள் 240 வாங்குகிறார்கள். இரண்டாமவரின் இருபுறமும் இருப்பவர்கள் 250, 260 வாங்குகிறார்கள். இரண்டாமவரின் வேலையில் ஏதாவது குறைந்தால் அதற்குக் காரணம் அவர் கையில் வாங்கிய காசு இல்லை. பக்கத்து ஆளின் கூலி மட்டுமே. ஜவுளிக்கடையில் நாம் பிரித்துப் பார்க்க முடியாத ஒன்றை இந்தக் குலுக்கல் பிரித்துக் காட்டிவிடுகிறது. இதைப் பொருளியலார் ஒப்பீட்டுக் கூலி என்பார்கள். தன் கூலி எவ்வளவு என்பது ஒரு செய்தி. அது அடுத்தவர் கூலிக்கு மேலா கீழா என்பது வேறொரு செய்தி.

என்ன நடந்தது? கூலி வேற்றுமை இருந்த குழுக்களில் உற்பத்தி குறைந்தது. வருகை 12 விழுக்காடு குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். வராத நாளுக்குக் கூலி கிடையாது. வயலிலும் வேலையில்லாத காலம். ஏழைத் தொழிலாளி ஒருவர் 240 ரூபாயை வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். 'ஒரே பேச்சு' ஆட்டத்தில் கையை உதறியவரும் இதையேதான் செய்தார். நாள் போகப்போகக் கோபம் ஆறவும் இல்லை. பிந்தைய வாரங்களில் விளைவு இன்னும் பலமானது.

சரி, அதிகம் வாங்கியவர் உற்சாகமாகி அந்த இழப்பை ஈடுகட்டினாரா? இல்லை. ஒருவரை உயர்த்திக் காட்டினால் அவர் இன்னும் ஓடுவார், மற்றவரும் அவரைப் பார்த்து ஓடுவார்கள் என்று நம்பும் மேலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்றும் தெரியவந்தது. கூலி வேற்றுமை இருந்த குழுக்களின் ஆட்கள், சேர்ந்து செய்தால் தங்களுக்கே லாபம் என்ற இடத்திலும் சேர்ந்து செய்ய முடியாமல் தடுமாறினார்கள். கூலியைத் தீர்மானித்தது மேலே இருந்தவர். முறிந்ததோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் உறவு.

இத்தோடு நிறுத்தினால், எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். சோதனையின் சாரம் அடுத்த பகுதியில்தான் இருக்கிறது. சில பொருள்களில் யார் எவ்வளவு செய்தார் என்பது பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கே தெரியும். மாலையில் அவரவர் முன்னால் குவிந்திருப்பதைப் பார்த்தால் போதும். சிலவற்றில் அப்படித் தெரியாது. சில குழுக்களில் வேகமானவருக்கும் மற்றவருக்கும் இடைவெளி வெளிப்படையாகவே பெரிதாக இருந்தது. இப்படி வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்த இடங்களில் கூலி வேற்றுமை எந்தச் சேதத்தையும் செய்யவில்லை. உற்பத்தி விழவில்லை. வருகை விழவில்லை. உறவும் கெடவில்லை. "அவரு கை வேகம், வாங்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள்.

ஆகவே ஒடிசாத் தொழிலாளி சமத்துவம் கேட்கவில்லை. காரணம் கேட்டார். காரணம் கண்ணெதிரே இருந்தால் குறைந்த கூலியோடும் உழைத்தார். மேலிருந்து "நீ மெதுவு" என்று சொல்லி, அதைத் தானே சரிபார்க்க வழியில்லாதபோது, ஒதுங்கிக்கொண்டார்.

மொய் நோட்டு

ஒதுங்குவது என்றால் என்ன என்று கேட்கலாம். வேலைக்கு வந்தவர் வேலை செய்துதானே ஆக வேண்டும்?

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் அவ்வப்போது 'விதிப்படி வேலை' என்ற போராட்டத்தைப் படித்திருப்பீர்கள். யாரும் கொடி பிடிப்பதில்லை, வேலையை நிறுத்துவதில்லை. விதிப்புத்தகத்தில் உள்ளதை மட்டும் எழுத்து மாறாமல் செய்வார்கள். இரண்டே நாளில் வேலை தேங்கி மேலிடம் பேச்சுவார்த்தைக்கு வந்துவிடும். விதியை மீறாமல் வேலை செய்வது எப்படிப் போராட்டம் ஆகிறது? எந்த வேலையும் விதிப்புத்தகத்தால் மட்டும் நடப்பதில்லை என்பதால்தான். சேலைப் பிரிவு இளைஞன் மூன்றாவது மாடிக்கு ஓடி இன்னும் இரண்டு நிறம் எடுத்து வருவதை எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாது. எழுதினாலும், "ஸ்டாக் இல்லைங்க" என்று அவன் சொல்லிவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

1950களில் ஜார்ஜ் ஹோமன்ஸ் என்ற சமூகவியலாளர் அமெரிக்க நிறுவனம் ஒன்றில், வாடிக்கையாளர் கட்டிய பணத்தைப் பேரேட்டில் பதியும் இளம்பெண்களைக் கவனித்து எழுதினார். மணிக்கு 300 பதிவு போதும் என்பது நிறுவனத்தின் அளவு. அவர்கள் போட்டது சராசரியாக 353. கூடுதலாகப் போட்டதற்குக் கூடுதல் காசு கிடையாது. நிறுவனமும், 'இவ்வளவு முடிகிறதே' என்று அளவை உயர்த்திவிடவில்லை. 1982இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் இந்த 53 பதிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, வேலை உறவில் ஒரு பகுதி விற்பனை, ஒரு பகுதி பரிசு என்று வாதிட்டார். பின்னாளில், 2001இல், அவர் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரானார்.

ஆங்கில உலகத்துக்கு இதை விளக்க அவருக்கு ஒரு நீண்ட கட்டுரை தேவைப்பட்டது. நமக்கு மொய் நோட்டு போதும். கல்யாண வீட்டில் வைக்கும் மொய் பரிசா, கடனா? அன்பளிப்பு என்றுதான் கொடுக்கிறோம், யாரும் பத்திரம் எழுதுவதில்லை. ஆனால் பெயரும் தொகையும் நோட்டில் ஏறுகிறது. நம் வீட்டு விசேஷத்தில் அது கொஞ்சம் கூடுதலாகத் திரும்பி வரும். வராவிட்டால் வழக்குப் போட முடியாது. மனம் மட்டும் விட்டுப்போகும். கூடுதலான அந்த 53 பதிவுகள் தொழிலாளி வைக்கும் மொய். நியாயமான கூலியும், தலைக்கு மேலே நின்று விரட்டாத மேலாளரும் முதலாளி வைக்கும் மொய். கவரில் மூவாயிரம் குறைந்தபோது சேலைப் பிரிவு இளைஞனின் நோட்டில் ஒரு வரி பதிந்துவிட்டது. நாளை அவன் வேலைக்கு வருவான். மூன்றாவது மாடிக்கு ஓடமாட்டான்.

டெக்கேட்டரின் டயர்கள்

துணிக்கடையில் இந்த ஒதுங்கலின் விலை ஒரு வியாபாரம். வேறிடங்களில் அது உயிராகவும் இருந்திருக்கிறது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டெக்கேட்டர் என்ற ஊரில் பிரிட்ஜ்ஸ்டோன் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் டயர் ஆலை இருந்தது. 1994இல் நிர்வாகம் எட்டு மணி நேர ஷிப்டை மாற்றி இரவு பகல் மாறிமாறி வரும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஆக்கவும், புதிதாகச் சேர்பவர்களின் கூலியை 30 விழுக்காடு குறைக்கவும் முனைந்தது. ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நிர்வாகம் வெளியாட்களை எடுத்து ஆலையை ஓட்டியது. 1995 மே மாதம் தொழிற்சங்கம் நிபந்தனையின்றித் திரும்பியது. ஒப்பந்தமோ 1996 டிசம்பரில்தான் முடிவானது.

2000 ஆகஸ்டில் அந்த நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. ஓடும்போதே டயரின் மேல்பட்டை பிய்ந்து வண்டிகள் உருண்டன. அந்த நிறுவன டயர்களோடு தொடர்புடையதாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்ட சாவுகள் 271.

ஆலன் க்ரூகர், அலெக்சாண்டர் மாஸ் என்ற இரு பொருளியலாளர்கள் எந்த ஆலையில் எந்தக் காலத்தில் செய்த டயர்கள் பிய்ந்தன என்று பிரித்துப் பார்த்தார்கள். வெளியாட்களின் அனுபவக் குறைவுதான் காரணம் என்று எவருக்கும் முதலில் தோன்றும். தரவு அப்படிச் சொல்லவில்லை. டெக்கேட்டரில் செய்த மோசமான டயர்கள் இரண்டு காலங்களில் குவிந்திருந்தன. ஒன்று, வேலைநிறுத்தத்துக்கு முன்னால், சலுகைகளை விட்டுக்கொடுக்கும்படி நிர்வாகம் நெருக்கிய மாதங்கள். மற்றொன்று, திரும்பி வந்த தொழிலாளர்களும் அவர்கள் இடத்தைப் பிடித்திருந்த வெளியாட்களும் ஒன்றாக நின்று வேலை செய்த மாதங்கள். யாரும் வேண்டுமென்றே டயரைக் கெடுத்தார்கள் என்பதற்கு அவர்கள் ஆதாரம் காட்டவில்லை. கை வழக்கம்போல வேலை செய்தது. கண் வழக்கம்போலக் கவனிக்கவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அந்த ஆலை 2001 டிசம்பரில் மூடப்பட்டது.

அபராதம் விலையானபோது

காசு குறைந்தால் இந்த மொய் உறவு கெடுகிறது என்று மட்டும் எண்ண வேண்டாம். காசு வரக்கூடாத இடத்தில் வந்தாலும் கெடுகிறது.

இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் சில பெற்றோர்கள் மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வருவார்கள், ஆசிரியை காத்திருப்பார். ஊரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகீனி என்ற ஆய்வாளர்கள் பத்துக் காப்பகங்களை எடுத்துக்கொண்டு, ஐந்தாவது வாரத்திலிருந்து ஆறில் மட்டும் அபராதம் கொண்டுவரச் செய்தார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெக்கல். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. முன்பு தாமதமாக வந்தவர் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கக் கூசினார். இப்போது காசைக் கட்டிவிட்டு நிமிர்ந்து போனார். பதினேழாவது வாரத்தில் அபராதத்தை எடுத்தார்கள். தாமதம் பழைய நிலைக்கு இறங்கவே இல்லை. விலை போனது, கூச்சம் திரும்பவில்லை.

நம் அலுவலகங்களில் மூன்று நாள் லேட் என்றால் அரை நாள் லீவு கழியும் என்ற விதி பல இடங்களில் உண்டு. அதை வகுத்தவர்கள் ஒழுங்கை நினைத்துத்தான் வகுத்தார்கள். ஆனால் மாதத்தில் இரண்டு நாள் லேட்டுக்கு விலை கிடையாது என்று எல்லோரும் படித்துக்கொண்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

மூடிய கவர்

பக்கத்து ஆளின் கூலிதான் உறுத்துகிறது என்றால், சம்பளத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்துவிட்டால் சண்டையே இல்லையே? பல முதலாளிகள் இப்படித்தான் நினைக்கிறார்கள். கவர் இருப்பதே அதற்குத்தான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2008இல் ஒரு நாளிதழ் அரசு ஊழியர் ஒவ்வொருவரின் சம்பளத்தையும் இணையத்தில் போட்டுவிட்டது. அப்படிப் பார்க்க வழி இருப்பதை மாநிலப் பல்கலைக்கழக ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் சொல்லிவிட்டு ஆய்வாளர்கள் காத்திருந்தார்கள். தம் துறையில் நடுச் சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்களின் மனநிறைவு குறைந்தது. வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருந்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடவில்லை.

மூடி வைப்பதே சரி என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் இதை ஒடிசாவுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். கலிஃபோர்னியாவில் திறந்துகாட்டியது எண்ணை மட்டும். ஏன் இவருக்கு இவ்வளவு என்பது மூடியே இருந்தது. ஒடிசாவில் எவருக்கும் தீங்கு செய்யாத கூலி வேற்றுமை, காரணமும் சேர்ந்தே கண்ணுக்குத் தெரிந்த வேற்றுமை. எண்ணை மட்டும் திறந்தால் புண்படும். இரண்டையும் மூடினால், வண்டி நிறுத்துமிடத்து விளக்கடி ஒன்று எப்படியும் எங்கேயாவது இருக்கத்தான் செய்யும்.

வேட்டிப் பிரிவுக்காரனுக்கு மூவாயிரம் கூடக் கொடுத்த அந்த முதலாளிக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதலாக நின்றிருப்பான். ஆடித் தள்ளுபடி மாதத்தில் ஒரு நாள்கூட லீவு எடுத்திருக்க மாட்டான். அந்த ஒரு வரியைக் கவரோடு சொல்லியிருந்தால், சேலைப் பிரிவு இளைஞன் அம்மாவுக்குச் சேலை எடுக்கும் கணக்கைத் தொடர்ந்திருப்பான் என்றே நம்புகிறேன்.

கடையோ பட்டறையோ வைத்து நாலு பேருக்குக் கூலி கொடுப்பவராக நீங்கள் இருந்தால், போனஸ் கணக்கைக் கடைசி வாரத்துக்கு வைத்திருக்காதீர்கள். எதற்கு எவ்வளவு என்று ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு எழுதி, எல்லோரும் தண்ணீர் குடிக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். புரட்டாசிக்குள் அவர்கள் அதைப் படித்துக் கேள்வி கேட்டு முடிக்கட்டும்.